பென்சிலால் ஒரு பெருக்கல் குறி: சஃபக்கில் ஆறு நாள்

மே 3, 2023, புதன் – ஸ்டோமார்க்கெட்

மகள் வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகிறது. தூக்கம் மட்டும் இன்னும் கும்பகோணத்துக் கணக்கில்தான் இருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளிச்சம் வருவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இது கிழக்கு இங்கிலாந்து, சஃபக் மாவட்டம். லண்டனிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். கிப்பிங் என்று ஒரு சிற்றாறு ஊரை ஒட்டி ஓடுகிறது. நம் பக்கத்து வாய்க்கால் அகலம் இருக்கும். ஊரைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய தூரம் மஞ்சள் மஞ்சளாக வயல். கடுகு என்று நினைத்தேன். கடுகுக்கு நெருங்கிய சொந்தமாம், எண்ணெய்க்காகப் போடுகிற ரேப் பயிர் என்றாள் மகள். வெயில் இருக்கிறது, ஆனால் காற்று காதைக் கடிக்கிறது. மே மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடப்பது எனக்கு இதுதான் முதல் தடவை.

மாலை நாலு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். மகள் மருத்துவமனையில் இரவு வேலை முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள், நான்தான் திறந்தேன். அறுபது வயது இருக்கும் ஒரு பெண்மணி. மழைக்கோட்டு, சேறு அப்பிய பூட்ஸ், நெஞ்சில் பச்சை ரிப்பனில் செய்த பூ. பசுமைக் கட்சியின் வேட்பாளர். நாளைக்கு இந்தப் பகுதியின் உள்ளாட்சியான மிட் சஃபக் டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலுக்குத் தேர்தல் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு ஒலிபெருக்கி இல்லை, ஒரு சுவர் விளம்பரம் இல்லை. சில வீட்டுத் தோட்டத்தில் மரக்கட்டையில் அடித்த சிறு பலகைகள் நின்றன. வீடு விற்பனை அறிவிப்பு என்று நினைத்திருந்தேன்.

மகள் தூங்குகிறாள் என்றதும் அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஓட்டுக் கேட்கவில்லை. “நாளைக்கு மறக்காமல் புகைப்பட அடையாள அட்டை எடுத்துப் போகச் சொல்லுங்கள், இந்த வருடம் இது புது விதி,” என்றார். அப்புறம், “ஜனவரியில் வந்தபோது, பூங்கா வாசலில் குப்பைத் தொட்டி இல்லை என்று உங்கள் மகள் சொன்னார். அதைக் கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை என்றும் சொல்லுங்கள்,” என்றார். கையில் ஒரு சின்ன நோட்டு. அதில் எங்கள் தெருவின் வீட்டு எண்கள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு மூன்று சொற்கள். நான் அந்த நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரணம் சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு வருடம் அரசுப் பள்ளியில் ஆசிரியை வேலை. சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி எதுவானாலும் தேர்தல் வேலைக்கு முதல் ஆளாகப் பெயர் வந்துவிடும். கடைசியாகப் பார்த்தது 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தல். வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஓர் ஆளுக்கு நாலு வாக்குச்சீட்டு. பெட்டியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது பொழுது விடிந்திருந்தது. அதனால் எந்த ஊரில் தேர்தல் என்றாலும் எனக்குக் கால் அந்தப் பக்கம்தான் போகும்.

இரவுச் சாப்பாட்டின்போது மகள் கவுன்சில் வரி பில்லை எடுத்துக் காட்டினாள். ஒரே பில்தான், உள்ளே பங்கு பிரித்திருக்கிறார்கள். பெரும்பங்கு சஃபக் முழுவதையும் பார்க்கிற கவுன்டி கவுன்சிலுக்கு. பள்ளி, சாலை, நூலகம், முதியோர் பராமரிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. போலீசுக்கு ஒரு பங்கு. டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலுக்கு ஒரு சிறு பங்கு. அதற்கும் கீழே ஊர் மன்றத்துக்கு ஒன்று. டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் என்றால் நம் ஊராட்சி ஒன்றியம் மாதிரி ஒரு நடு அடுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். குப்பை அள்ளுவது, வீடு கட்ட அனுமதி கொடுப்பது, வாடகை வீடுகள், வாகன நிறுத்தம், உடற்பயிற்சிக் கூடம் இவையெல்லாம் அதன் கையில். வரியை வசூலித்து மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதும் அதுதான்.

கேட்கச் சின்ன விஷயங்கள். ஆனால் இந்தப் பகுதியில் இப்போது ஜனங்கள் கவலைப்படுவது இந்தச் சின்ன விஷயங்களைப் பற்றித்தான். தர்ஸ்டன், எல்ம்ஸ்வெல் மாதிரி கிராமங்களைச் சுற்றி நூற்றுக்கணக்கில் புது வீடுகள் வந்துவிட்டன. மருத்துவரும் பள்ளிக்கூடமும் அந்த வேகத்தில் வரவில்லை. இன்னொரு பக்கம், நாரிச்சிலிருந்து டில்பரி வரை சுமார் 180 கிலோமீட்டருக்கு உயர் மின்கோபுரங்கள் நடுகிற திட்டத்தைப் போன வருடம் அறிவித்திருக்கிறார்கள். வயலுக்கு நடுவே ஐம்பது மீட்டர் உயரக் கோபுரம் நிற்கப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு.

மே 4, வியாழன் – வாக்குப்பதிவு

வியாழக்கிழமை இங்கே சந்தை நாள். தெருவில் பத்துப் பன்னிரண்டு கடை. ஆஸ்பராகஸ் ஒரு கட்டு மூன்று பவுண்ட். நம் காசுக்கு முந்நூறு ரூபாய்க்கு மேல். நம் ஊர்த் தண்ணீர்விட்டான் கிழங்குக்கு ஒன்றுவிட்ட தங்கை இது. மே மாதம்தான் இதற்குப் பருவம். கடைக்காரர் ஒரு தண்டை ஒடித்துக் காட்டினார், படக்கென்று ஒடிந்தது. “இப்படி ஒடியாவிட்டால் வாங்காதீர்கள், யாரிடமும்,” என்றார். மதியம் தேங்காய்ப்பூ தூவிப் பொரியல் செய்தேன். முருங்கைக்காய் வாசமும் பச்சைப் பட்டாணி இனிப்பும் கலந்த ஒரு ருசி.

பதினோரு மணிக்கு மகளுடன் வாக்குச்சாவடிக்குப் போனேன். மகளிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்டுதான். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் சட்டப்படி இங்கே குடியிருந்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்து ஓட்டுப் போடலாம். இது எனக்குத் தெரியும். ஆனால் தெரிவது வேறு, பார்ப்பது வேறு. சிங்க முத்திரை போட்ட அந்த நீல அட்டையைக் கைப்பையிலிருந்து எடுத்துக்கொண்டு ஓர் ஆங்கில ஊர் வாக்குச்சாவடிக்குள் அவள் நுழைந்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

சாவடி என்பது ஒரு தேவாலயத்தின் பின்பக்கக் கூடம். போலீஸ் இல்லை. நூறு மீட்டர், இருநூறு மீட்டர் என்று சுண்ணாம்புக் கோடு இல்லை. வாசலில் ஒரு வெள்ளைப் பலகை, அவ்வளவுதான். ஒரு நாய் வெளிக்கம்பத்தில் கட்டப்பட்டு, எஜமான் ஓட்டுப் போட்டு வரும்வரை பொறுமையாகக் காத்திருந்தது. வாசலுக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி. ஒன்றில் நீல ரிப்பன் பூ வைத்த பெரியவர், மகளின் எதிர்வீட்டுக்காரர். கன்சர்வேடிவ் கட்சிக்காக உட்கார்ந்திருக்கிறார். இன்னொன்றில் பச்சைப் பூ வைத்த ஓர் இளைஞன். ஓட்டுப் போட்டு வருகிறவர்களிடம் பட்டியல் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்வது இவர்கள் வேலை. சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பெரியவரின் பிளாஸ்கிலிருந்து இளைஞன் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான், பிஸ்கட் பொட்டலம் இருவருக்கும் நடுவே இருந்தது.

பழக்க தோஷத்தில் நானும் மகள் பின்னாடியே உள்ளே போய்விட்டேன். தலைமை அலுவலர் அம்மா உடனே எழுந்து வந்தார். பட்டியலில் என் பெயர் இல்லை, வெளியே இருக்க வேண்டும் என்று மென்மையாகச் சொன்னார். அவர் சொன்னது சரி. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அப்படியே சொல்லிவிட்டேன்: “நானும் இந்த வேலை பார்த்தவள்தான், இந்தியாவில்.” அவர் முகம் மலர்ந்தது. “அப்படியானால் கூட்டம் குறைந்ததும் வெளியே வருகிறேன், இருங்கள்,” என்றார்.

கதவு வழியாகக் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துச் சொல்கிறேன். ஒட்டுப்பலகையில் செய்த நாலு மறைப்பு. ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பென்சில், நூலில் கட்டித் தொங்குகிறது. மை இல்லை, முத்திரை இல்லை, இயந்திரம் இல்லை. வாக்குச்சீட்டில் பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, மடித்து, கறுப்புப் பெட்டியில் போட வேண்டும். விரலில் எந்த அடையாளமும் வைப்பதில்லை. என் இடது சுட்டுவிரலைத் தடவிக்கொண்டேன். அந்த ஊதா மை நகத்தில் தங்கி வளர்ந்து வெளியேறுவதற்கு மூன்று மாதம் ஆகும் எனக்கு.

பென்சிலை அழித்துவிட முடியாதா என்று தலைமை அலுவலரிடம் கேட்டேன். பலரும் கேட்கிறார்களாம். சொந்தப் பேனா கொண்டுவந்தாலும் தடை இல்லை என்றார். “பெட்டியை வாக்காளர் கண் முன்னால்தான் முத்திரை வைக்கிறோம், அதற்குப் பிறகு யாரிடம் அழிப்பான் இருந்து என்ன பயன்?” காலை ஏழு முதல் இரவு பத்து மணி வரை வாக்குப்பதிவு. ஆறு மணிக்கு வந்தவர் இடத்தை விட்டு நகரக் கூடாது, சாப்பாடு டப்பாவில். நான் முந்தின நாளே பள்ளிக்கூடத்தில் போய்ப் படுக்க வேண்டியிருக்கும் என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் இருவருக்குமே மதியத்தில் வருகிற இடுப்புவலி தெரியும்.

அந்தப் பேச்சுக்கு நடுவேதான் அது நடந்தது. பத்தொன்பது இருபது வயதுப் பெண் ஒருத்தி உள்ளே போய், இரண்டே நிமிடத்தில் வெளியே வந்தாள். கையில் கல்லூரி அடையாள அட்டை. அதில் அவள் படம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏற்றுக்கொள்ளும் அட்டைகளின் பட்டியலில் கல்லூரி அட்டை இல்லை. இளைஞர்களுக்கான ரயில் சலுகை அட்டையும் இல்லை. முதியோர் பஸ் பாஸ் செல்லும். அடையாளம் எதுவும் இல்லாதவர்கள் இலவசச் சான்றிதழுக்கு மனுப் போட்டிருக்கலாம்; அதற்குக் கடைசி நாள் ஏப்ரல் 25, போய்விட்டது. “வீட்டுக்குப் போய்ப் பாஸ்போர்ட் எடுத்து வா, பத்து மணி வரை நேரம் இருக்கிறது,” என்று அலுவலர் மூன்று முறை சொன்னார். பாஸ்போர்ட் அம்மா வீட்டில், வேறு ஊரில் இருக்கிறதாம். அந்தப் பெண் சரி என்று தலையாட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தாளா என்று கேட்க, மாலையில் நான் மறுபடி போனேன். வரவில்லை.

எனக்கு இது ஆறவில்லை. எங்கள் சாவடிகளில் ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் முகவர் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபம் செய்ய வேண்டும். ஊர்க்காரர் யாரையாவது கேட்டு விசாரித்துத்தான் முடிவு சொல்வோம். ஆள் இவள்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லாதபோது, அட்டை சரியில்லை என்று ஓட்டைத் திருப்பி அனுப்பும்படி ஓர் அலுவலரை வைப்பது அவருக்கும் கொடுமைதான். (ஊர் திரும்பிய பிறகு படித்தேன்: அன்றைக்கு இங்கிலாந்து முழுவதும் சாவடிக்கு வந்து, திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி வராமலே போனவர்கள் சுமார் 14,000 பேர் என்று அவர்களுடைய தேர்தல் ஆணையமே கணக்குக் கொடுத்திருக்கிறது. வந்தவர்களில் இது 0.25 சதவீதம். சதவீதமாகச் சொன்னால் சின்னதாகத் தெரிகிறது. எனக்கு அந்தச் சைக்கிள்தான் தெரிகிறது.)

மகள் யாருக்குப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மே 5, வெள்ளி – வுல்பிட்

இரவே எண்ணி முடித்துவிடும் ஊர்களும் உண்டு. இங்கே வெள்ளிக்கிழமை பகலில் எண்ணுகிறார்கள். வீட்டில் உட்கார்ந்திருக்க இருப்புக் கொள்ளவில்லை. மகள் வேலைக்குப் போனதும் பஸ் ஏறி வுல்பிட் என்ற கிராமத்துக்குப் போனேன். அப்போது எங்கே போனாலும் இரண்டு பவுண்ட்தான். அரசாங்கம் 2023 ஜனவரியிலிருந்து கட்டணத்துக்கு அப்படி உச்சவரம்பு வைத்திருந்தது. இறங்குகிற ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். நானும் சொன்னேன்.

வுல்பிட்டுக்குப் போக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது ஒரு கதைக்காக. பன்னிரண்டாம் நூற்றாண்டில், ஓநாய் பிடிக்க வெட்டிய குழிகளின் ஓரத்தில், அறுவடை செய்துகொண்டிருந்தவர்கள் இரண்டு குழந்தைகளைக் கண்டார்களாம். அக்காவும் தம்பியும். உடம்பெல்லாம் பச்சை நிறம். பேசுகிற மொழி யாருக்கும் புரியவில்லை. என்ன கொடுத்தாலும் சாப்பிடவில்லை. கடைசியில் ஒரு வகைப் பயற்றைப் பார்த்ததும் பாய்ந்து எடுத்திருக்கின்றன. நம் மொச்சை மாதிரி, ஆனால் இன்னும் பெரிய பயறு, பிராட் பீன்ஸ். தம்பி சீக்கிரமே இறந்துபோனான். அக்கா மற்றச் சாப்பாடு பழகப் பழகப் பச்சை நிறம் மறைந்து, இந்த ஊர்க்காரியாகவே ஆகிவிட்டாள். அந்தக் காலத்து இரண்டு வரலாற்று ஆசிரியர்கள் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். ஊர் நடுவே நிற்கும் பெயர்ப் பலகையில் ஓநாயும் அந்த இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

தேவாலயத்துக்குள் யாரும் இல்லை, கதவு மட்டும் திறந்திருந்தது. கழுத்தை அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்க மரத்தில் செதுக்கிய தேவதைகள், சிறகை விரித்துக்கொண்டு வரிசை வரிசையாக. மரம் கறுத்து, தேன் மெழுகு வாசம். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் ஒரு தேநீர்க்கடை. தேநீர் இரண்டு பவுண்ட் நாற்பது, ருபார்ப் கிரம்பிள் நாலு பவுண்ட். ருபார்ப் என்பது சிவந்த தண்டு. புளிச்சக்கீரைத் தண்டைச் சர்க்கரையில் வேகவைத்து மேலே மாவுப்பொடி தூவி அடுப்பில் வாட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. பக்கத்து மேசையில் இரண்டு பெண்கள் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றவள், “இருபத்து நாலா?” என்று கேட்டாள். கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். நான் இருக்கையிலிருந்தே கேட்டேன், என்ன ஆச்சு என்று.

மொத்தம் 34 இடம். பசுமைக் கட்சிக்கு 24. கன்சர்வேடிவ் 6. லிபரல் டெமாக்ரட் 4. நாலு வருடத்துக்கு முன்னால் 2019-ல் பசுமைக் கட்சிக்கு இங்கே இருந்தது 12; அப்படியே இரண்டு மடங்கு. பிரிட்டன் முழுவதிலும் ஒரு கவுன்சிலில் அந்தக் கட்சி தனிப் பெரும்பான்மை பெறுவது இதுவே முதல் முறை. தெற்குக் கடற்கரை நகரமான பிரைட்டனில் இதற்கு முன் நிர்வாகம் நடத்தியிருக்கிறார்கள், ஆனால் பெரும்பான்மை இல்லாமல். அதே பிரைட்டனில் இந்தத் தடவை அவர்கள் வெறும் ஏழு இடத்துக்குச் சுருங்கிவிட்டார்கள், 54-ல் 38-ஐ லேபர் கட்சி கொண்டுபோய்விட்டது. பெரிய நகரத்தில் விழுந்து, வயற்காட்டில் எழுந்திருக்கிறார்கள்.

வாயைப் பொத்தியவள் அழுதுகொண்டிருந்தாள். எட்டு வருடமாகத் துண்டுப் பிரசுரம் போட்டுக்கொண்டிருக்கிறாளாம், மழையில், நாய்க்கடி வாங்கி. யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கடைக்காரர் ஒரு காகிதக் கைக்குட்டையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தான் அந்தக் கட்சிக்குப் போடவில்லை என்றும், ஆனாலும் வாழ்த்துகள் என்றும் சொன்னார். இந்த ஒன்றை நான் மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

இந்தப் பேச்சில் திரும்பும் பஸ்ஸை விட்டுவிட்டேன். நிறுத்தத்து அட்டவணையைப் பார்த்தால் அடுத்தது வெகுநேரம் கழித்து. தூறல் வேறு பிடித்துக்கொண்டது. ஒரு கார் தாண்டிப் போய், நின்று, பின்னோக்கி வந்தது. தேநீர்க்கடைப் பெண்களில் ஒருத்தி. ஸ்டோமார்க்கெட் வாசல் வரை கொண்டுவந்து விட்டாள். பெட்ரோலுக்குக் காசு கொடுக்கப் போனேன், கதவைச் சாத்திக்கொண்டாள்.

மே 6, சனி – முடிசூட்டு விழாவும் தோற்றவரும்

இன்றைக்கு லண்டனில் மன்னர் சார்லஸுக்கு முடிசூட்டு. காலையிலிருந்து மழை. தெருவில் மேசை போட்டுச் சாப்பிடத் திட்டம். மழையால் எதிர்வீட்டுப் பெரியவரின் கார் கொட்டகைக்கு எல்லாரும் மாறினோம். விழாவுக்கென்று அரண்மனை ஒரு பலகாரம் அறிவித்திருந்தது, முட்டையும் சீஸும் கீரையும் போட்ட கீஷ். அதிலும் அதே பிராட் பீன்ஸ்! வுல்பிட் குழந்தைகளின் பயறு. பெரியவரின் மனைவி நேற்றே வந்து நான் என்ன சாப்பிடுவேன் என்று கேட்டுவிட்டுப் போனார். முட்டை சரி, மாமிசம் ஆகாது என்றேன். மாவில் பன்றிக் கொழுப்பு சேர்க்கச் சொல்கிறது அரண்மனைச் செய்முறை. அவர் எனக்காக ஒன்றைத் தனியாக வெண்ணெயில் செய்து, என் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் குச்சியில் குத்தி வைத்திருந்தார். நான் கொண்டுபோன எலுமிச்சை சாதம் பதினைந்து நிமிடத்தில் காலி.

பெரியவர் நேற்று வாக்கு எண்ணும் இடத்தில் முகவராக இருந்தவர். அவர் வேலை செய்த வேட்பாளர் தோற்றுவிட்டார். நாடு முழுவதும் கன்சர்வேடிவ் கட்சிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கவுன்சிலர் இடங்கள் போயிருக்கின்றன. அந்தக் கட்சியின் பிரதமர் சுனக் பதவிக்கு வந்தபின் வருகிற முதல் பெரிய தேர்தல் இது. டில்லி ஆளைத் தண்டிக்க உள்ளூர் ஆளைத் தோற்கடிப்பது நமக்கும் பழக்கமானதுதானே. அதைத்தான் காரணமாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

“லண்டன் ஒரு காரணம்தான். ஆனால் அவர்கள் கதவைத் தட்டினார்கள். நாங்கள் தட்டவில்லை,” என்றார். கையில் கீஷ் தட்டு. “முப்பது வருடமாக எங்களுக்கே விழுகிற ஓட்டு என்று இருந்துவிட்டோம். எண்ணும் மேசையில் சீட்டுக் கட்டுகள் உயர உயர எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் தெருவின் பெயர்கூட அந்தப் பெண்ணுக்குத் தெரியும், எங்கள் ஆளுக்குத் தெரியாது.”

முடிவு அறிவித்ததும் தோற்றவர் மேடையிலேயே வென்றவருக்குக் கை கொடுத்தாராம். அதிகாரிகளுக்கும் எண்ணியவர்களுக்கும் நன்றி சொல்வது வழக்கம், அதையும் சொன்னாராம். ஒரு சீட்டில் பெருக்கல் குறிக்குப் பதிலாக ஒரு பெயருக்கு எதிரே சிரிக்கும் முகம் வரைந்திருந்தது. வாக்காளர் எண்ணம் தெளிவாக இருந்தால் ஓட்டு செல்லும் என்பது விதி, அதனால் எதிர்க்கட்சி முகவரான இவரே ஏற்றுக்கொண்டாராம். “அது எங்கள் ஓட்டு இல்லை. ஆனால் ஓட்டு,” என்றார். நான் எழுந்து போய் இன்னொரு கரண்டி சாதம் அவர் தட்டில் வைத்தேன்.

மே 7, ஞாயிறு – இப்ஸ்விச்

ரயிலில் பன்னிரண்டு நிமிடத்தில் போக வேண்டிய ஊர். தண்டவாள வேலை என்று ரயிலை நிறுத்திவிட்டுப் பஸ் விட்டார்கள். பஸ் வர நாற்பது நிமிடம், போக முக்கால் மணி நேரம். காற்றில் நின்று கால் மரத்துப்போனது. பயணச்சீட்டு விலையில் ஒரு காசு குறைக்கவில்லை. கேட்டால் இணையத்தில் மனுப் போடச் சொல்கிறார்கள்.

இப்ஸ்விச்சில் ஜன்னலுக்கு ஜன்னல் நீலக்கொடி. கட்சிக் கொடியோ என்று பார்த்தேன், இல்லை. ஊர்க் கால்பந்து அணி போன வாரம்தான் மேல்பிரிவுக்கு ஏறியிருக்கிறது. அந்த மைதானத்துக்குப் பக்கத்திலேயே எண்டவர் ஹவுஸ் என்று ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடம். மிட் சஃபக் கவுன்சிலின் தலைமை அலுவலகம் இதற்குள்தான். வேடிக்கை என்னவென்றால் இப்ஸ்விச் மிட் சஃபக்கிலேயே சேர்ந்ததில்லை. முன்பு நீடம் மார்க்கெட் என்ற அவர்கள் சொந்த ஊரில் இருந்த அலுவலகத்தை, 2017-ல் செலவு குறைக்க இங்கே மாற்றி, பக்கத்துக் கவுன்சிலான பேபர்குடன் ஊழியர்களையும் பகிர்ந்துகொள்கிறார்கள். கிராமத்துக்காரர் ஒருவர் அதிகாரியை நேரில் பார்க்க வேறு எல்லைக்குள் வர வேண்டும். பேபர்கிலும் பசுமைக் கட்சிதான் இப்போது பெரிய கட்சி, 32-ல் 10. அங்கே கூட்டணி பேச வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, கட்டடம் பூட்டிக் கிடந்தது. கண்ணாடியில் என் நிழலைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். திரும்பும்போதும் பஸ்தான்.

மே 8, திங்கள் – பலகை பிடுங்குகிற நாள்

முடிசூட்டுக்காக இன்றைக்கும் விடுமுறை. குப்பை வண்டி ஒரு நாள் தள்ளி வரும் என்று தெரியாமல் தெருவில் பாதி வீடுகள் தொட்டியை வெளியே வைத்துவிட்டன. ஒரு வாரம் குப்பை, மறு வாரம் மறுசுழற்சி. தோட்டக் கழிவுக்குத் தனித் தொட்டி, அதற்குத் தனிச் சந்தா.

பத்து மணிக்கு நடக்கப் போனேன். பூங்கா வாசலில் புதன்கிழமை வந்த அந்த அம்மாள். அதே மழைக்கோட்டு, அதே பூட்ஸ். ஒரு தோட்டத்தில் நட்டிருந்த தேர்தல் பலகையைக் கட்டையோடு ஆட்டி ஆட்டிப் பிடுங்கிக்கொண்டிருந்தார். தேர்தல் முடிந்து பதினாலு நாளுக்குள் எடுத்துவிட வேண்டுமாம். மழையில் மண் இறுகிப் பிடித்திருந்தது. நான் போய் மறுபக்கம் பிடித்தேன். இரண்டு பேர் சேர்ந்து இழுத்ததும் ஒரு பெரிய களிமண் உருண்டையோடு வந்தது.

வெற்றிக்கு வாழ்த்துச் சொன்னேன். கட்சியின் கவுன்சில் குழுவுக்கு ஆண்டி மெலன் என்பவர் தலைவர். நிர்வாகத்துக்கும் அவரே தலைவராக வருவார் என்று எதிர்பார்ப்பதாகச் சொன்னார். (அப்படியே வந்தார்.) இவர் இன்னும் பதவி ஏற்கும் படிவத்தில் கையெழுத்தே போடவில்லை. அதற்குள் நேற்றுக் காலையே முதல் போன் வந்துவிட்டதாம்: மூன்று தெரு தள்ளி ஒரு முதியவர், தோட்டக் கழிவுத் தொட்டியை இரண்டு தடவையாக எடுக்கவில்லை என்று.

“என்ன சொன்னீர்கள்?” என்று கேட்டேன்.

கையில் மண். மழைக்கோட்டிலேயே துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்துக் காட்டினார். புதுப் பக்கம். மேலே தேதி, ஒரு வீட்டு எண், எதிரே மூன்று சொற்கள். அதற்குக் கீழே, பூங்கா வாசல் தொட்டி என்று பழைய பக்கத்திலிருந்து எடுத்து மறுபடி எழுதியிருந்தார். பென்சிலால்.

பலகையைக் காருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அவர் முன்னால், நான் பின்னால்.